பனச்சமூட்டுக்குப் போன கண் சோதனை வண்டி

வேனையும் டிரெய்லரையும் வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களில் சிலர் இந்தப் பக்கத்துக்கு எழுதி, எந்த வழியாகப் போவது, எங்கே நிறுத்துவது, ஜெனரேட்டர் எப்படி வைப்பது என்று கேட்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நான் பதில் எழுதாமல் விட்டதுண்டு. எல்லோருக்கும் சேர்த்து இப்போது எழுதுகிறேன். சந்தோஷமான பயணம் இல்லை இது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். நாகர்கோவிலில் ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை எனக்கு. கடை முதலாளி ஒரு பழைய டிரெய்லர்மேல் தகரக் கூடு அடித்து, உள்ளே எழுத்துப் பலகையும் விளக்கும் இரண்டு படுக்கையும் போட்டு, ஜீப்புக்குப் பின்னால் கட்டி ஊர் ஊராக அனுப்புவார். முதல் நாள் பனச்சமூடு, அடுத்து பாறசாலை, மூன்றாம் நாள் நெய்யாற்றின்கரை என்று திட்டம். போனது நானும் ஸ்டீபனும். ஜீப்பு, ஜெனரேட்டர் இரண்டும் அவன் பொறுப்பு.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, மார்த்தாண்டத்தில் ஒரு சாயா குடித்துவிட்டு, ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஜீப் மீட்டரில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்க ஏற்ற இறக்கம். டிரெய்லர் இழுப்பவர்கள் நேரத்தைக் கூட்டியே கணக்கிடுங்கள். எல்லைச் சந்திப்பைத் தாண்டி, கேரளப் பக்கம் ஒரு சர்ச் மைதானத்தில் இடம் கிடைத்தது.

டிரெய்லருக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து நிறுத்தினோம். புகை உள்ளே வராதபடி ஜெனரேட்டரைப் பதினைந்து மீட்டர் தள்ளி வைத்தோம். ஸ்டீபன் அதன் சட்டத்திலிருந்து வயர் இழுத்து, மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் கட்டினான். “எர்த்து குடுத்தாச்சுண்ணே” என்றான். எனக்கும் அது போதுமென்றுதான் தோன்றியது. ஆனால் ஜெனரேட்டரிலிருந்து வண்டிக்கு வந்த வயரில் இரண்டு கம்பிதான். மூன்று கம்பி வயர் மீட்டருக்கு நாலு ரூபாய் கூடுதல் என்று முதலாளி வாங்கித் தரவில்லை.

ஒன்பதரைக்கு ரோஸ்லின் என்ற பெண் தன் கணவர் தங்கையனுக்கு இடம் பிடிக்க வந்தார். தங்கையன் ரப்பர் மரத்தில் கோடு வெட்டிப் பால் எடுக்கிற தொழிலாளி.

“அவருக்கு வெட்டுற கோடு சரியா தெரியல்ல சாறே. மரத்துல காயம் விழுது. வேற ஆள நிறுத்துவேன்னு தோட்டக்காரரு சொல்லியாச்சு” என்றார். பேர் எழுதிக்கொண்டேன். இறங்கும்போது வாசல் பிடியைத் தொட்டவர் கையை உதறினார்.

“சாறே, இந்தக் கம்பியில பிடிச்சா எறும்பு கடிச்ச போல இருக்கு. கரண்டு வருதாக்கும்.”

நான் இறங்கிப்போய்ப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. “ஒண்ணுமில்லம்மா. இரும்பு தணுத்துக் குளுந்து கெடக்கு, அதான்” என்றேன்.

என் காலில் ரப்பர் செருப்பு. உள்ளே சேறு வரக்கூடாது என்று, வருகிறவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தோம். அவர் வெறுங்காலோடு நின்றார். ஸ்டீபனின் பெட்டியில் டெஸ்டர் இருந்தது. அதைக் கேட்டு வாங்கவில்லை. அவனிடம் விஷயத்தைச் சொல்லவும் இல்லை. வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள்.

பத்தே முக்காலுக்கு மழை பிடித்து அரை மணி நேரம் பெய்தது. பதினொன்று நாற்பதுக்குத் தங்கையன் வந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஒரு கால் ஈர மண்ணில், ஒரு கால் படியில், கை பிடியில். தொண்டைக்குள் ஒரு சத்தம். அதற்குமேல் அவரால் கையை எடுக்க முடியவில்லை. பாய்ந்து வந்த ரோஸ்லினைச் சேலையைப் பிடித்து இழுத்தேன். ஸ்டீபன் ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தபிறகுதான் தங்கையன் விழுந்தார்.

உள்ளங்காலைத் தேய்த்தோம், தண்ணீர் தெளித்தோம். நெஞ்சை அழுத்த எங்கள் யாருக்கும் தெரியாது. ஜீப்பில் ஆஸ்பத்திரி போய்ச்சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

வயர் நுழைகிற ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. பயணத்தின் ஆட்டத்தில் தகரம் வயரின் உறையை அறுத்து, வண்டியின் உடம்பு முழுக்கக் கரண்டு ஏறியிருக்கிறது. உள்ளே நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. மண்ணில் நின்று தொடுகிறவனுக்குத்தான் அடிக்கும். ஸ்டீபன் கொடுத்த எர்த்து ஜெனரேட்டருக்கு மட்டும்தான், வண்டிக்கு இல்லை. மூன்றாவது கம்பி வண்டியின் உடம்பை ஜெனரேட்டரோடு இணைத்திருந்தால் அந்த நிமிடமே ஃபியூஸ் போயிருக்கும்.

போலீஸ் ஸ்டீபனை மட்டும் கூட்டிப்போனது. சாயங்காலம் வந்த முதலாளி, “நீ ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் கேக்கல. அவன் கவனக்குறைவு, அவ்வளவுதான்” என்றார். நான்கு நாள் அப்படியே இருந்தேன். ஐந்தாம் நாள் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை போலீஸ் அலுவலகத்துக்குப் போய், அந்தப் பெண் என்னிடம் சொன்னதையும், நான் அதை ஸ்டீபனிடம் சொல்லாததையும், இரண்டு கம்பி வயரையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஜாமீனில் வெளியே வந்த ஸ்டீபன் என் முகத்தைப் பார்க்கவில்லை. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே” என்றான். என் வேலை போயிற்று. வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் ஸ்டீபனை விட்டார்கள். முதலாளிக்கும் எனக்கும் அபராதம்.

ஸ்டீபனுக்கு ஜாமீன் கிடைத்த வாரமே ரோஸ்லின் வீட்டுக்குப் போனேன். போலீசில் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“கரண்டு வருதுன்னு சொன்னது நானாக்கும் சாறே. எனக்குத் தெரியாதா? ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னதுனால, அவரு வந்தப்ப நான் ஒண்ணும் சொல்லல்ல.”

நடந்து வந்து பஸ் ஏறினேன்.

கிளம்புகிறவர்களுக்கு: மண்ணில் கம்பி அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மூன்று கம்பி வயர்தான் வேண்டும். அதன் பச்சைக் கம்பி வண்டியின் உடம்பையும் ஜெனரேட்டர் சட்டத்தையும் சேர்க்க வேண்டும். கரண்டு கசிந்தால் தானே அணையும் டிரிப்பர் வையுங்கள். அதன் சோதனைப் பொத்தானை ஒவ்வோர் ஊரிலும் அழுத்திப் பாருங்கள். ஓட்டைகளுக்கு ரப்பர் வளையம் போடுங்கள். கிளம்புமுன் ஒரு நல்ல எலக்ட்ரீசியனிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்காதீர்கள், புகையும் கொல்லும். நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்க ஒருவராவது படித்துக்கொண்டு போங்கள்.

யாராவது கரண்டு அடிக்கிறது என்றால் தொட்டுப் பார்த்து அவரைப் பொய்யாக்காதீர்கள். முதலில் ஜெனரேட்டரை நிறுத்துங்கள். வரிசை காத்திருக்கட்டும்.