மணிச் சத்தத்துக்கு அசையாத பிள்ளை

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. பார்க்கப் போயிருந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையின் காதில் சின்னதாக எதையோ செருகி, மெஷினில் ஓடும் கோட்டைப் பார்த்துவிட்டு, "கேக்குது மேடம்" என்று சொல்லிப் போனாள் ஒரு நர்ஸ் பெண். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பினாயில் வாசனை வேறு. அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் நர்ஸாகச் சேர்ந்தேன். பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துக்காரி, இருபத்திரண்டு வயது, வெள்ளைத் தொப்பி வைத்துவிட்டால் பாதி டாக்டர் என்று நினைப்பு. குறைமாதப் பிள்ளைகளை எடை பார்ப்பதோடு விடக்கூடாது, மூளையும் நரம்பும் எப்படித் தேறுகின்றன என்றும் பார்க்கவேண்டும் என்பார் எங்கள் டாக்டரம்மா. உள்ளங்கையில் விரல் வைத்தால் பிடிக்கிறதா, கன்னத்தைத் தொட்டால் வாய் திரும்புகிறதா, மணி அடித்தால் திடுக்கிடுகிறதா? எல்லாவற்றையும் நோட்டில் எழுதவேண்டும். மணி என்றால் பூஜை மணிதான். கோயில் வாசல் கடையில் பேரம் பேசி நானே வாங்கி வந்தேன், அதில் பெருமை வேறு.

பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டுப் பெண் சரோஜா எங்கள் வார்டில் இருந்தாள்; அவளுடைய குறைமாதப் பிள்ளை பிறந்து ஒரு மாதம். பஞ்சில் சுற்றி, சூட்டுக்குத் தலைமாட்டில் பல்பு எரியவிட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாகப் பால் விட்டுத் தேற்றிக்கொண்டிருந்தோம். அன்று டாக்டரம்மா செங்கல்பட்டு போயிருந்தார். தூங்கும் பிள்ளையருகே மணியை அடித்தேன். கைகாலை உதறியது. மறுபடி அடித்தேன். லேசாக உதறியது. சரியாக எழுதவேண்டுமே என்று அடித்துக்கொண்டே இருந்தேன். ஆறேழு தடவைக்குப் பிறகு இமைகூட அசையவில்லை. பகீரென்றது. வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "காது மந்தம்போல இருக்கே" என்று சரோஜாவின் நாத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது.

"ஏற்கெனவே எலிக்குஞ்சாட்டம் இருக்குது. காதும் கேக்கலன்னா இன்னாத்துக்குமா இங்க வெச்சிக்கினு? வூட்டுக்கு எடுத்துக்கினு போறோம்" என்றார் நாத்தனார்.

வீட்டுக்குப் போனால் பிள்ளை இரண்டு நாள் தாங்காது. அது அவருக்கும் தெரியும். "டாக்டரம்மா வரட்டும்" என்று கெஞ்சினேன். அவர் பல்பை அணைத்துவிட்டுப் பிள்ளையைத் துண்டில் சுற்ற ஆரம்பித்தார். சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடிந்தால் விழுங்கியிருப்பேன்.

சரோஜா கட்டிலைவிட்டு இறங்கி வந்தாள். ஒரு மாதமாக என்னிடம் அதிர்ந்து பேசாதவள்.

"மொதோ தபா அடிச்சப்போ தூக்கிப் போட்டுதா, இல்லையா?"

"போட்டுது."

"அப்போ காது கேக்குதில்ல? எங்க வூட்ல மூணு தறி ஓடுது சிஸ்டர். ஒவ்வொரு சத்தத்துக்கும் தூக்கிப் போட்டா நாங்க தூங்குறது எப்படி? உன் மணி அதுக்குப் பழகிப்போச்சு. வேற சத்தம் போட்டுப் பாருமா."

நான் எதைத் தட்டுவதென்று தேடினேன். அவளே எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் ஓங்கித் தட்டினாள். துண்டுக்குள்ளிருந்து இரண்டு கைகளும் வெளியே பறந்தன. வீலென்று ஓர் அழுகை. நாத்தனார் பிள்ளையைத் திரும்பப் படுக்கவைத்தார். சரோஜா பல்பைப் போட்டாள். நானும் அழுதுவிட்டேன்.

சாயங்காலம் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "ஒரே சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, இதுல பயப்பட ஒண்ணுமில்லன்னு விட்டுடுச்சு. மூளை நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீ என்னடான்னா காது மந்தம்னு எழுதி வெச்சிருக்கே?" என்றார்.

பிள்ளை தேறி வீட்டுக்குப் போன அன்று, சரோஜா பெருக்குகிறவள்வரை எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டாள். என்னிடம் மட்டும் சொல்லவில்லை. ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வருஷக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போனேன். வார்டு இருந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீடிருந்த இடத்தில் மாடிக் கட்டடம். விசாரித்தால், "எந்த சரோஜாமா?" என்கிறார்கள். மகன் பேரைச் சொல்லிக் கேட்கலாமென்றால், தேறுமென்று தெரியும்வரை குறைமாதப் பிள்ளைக்கு அங்கே யாரும் பேர் வைப்பதில்லை. பிறகு அவனுக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது.