வாங்காத கோப்பை

நீலப் பூப் போட்ட புத்தம் புதுக் கோப்பை. அதில் விளிம்பு முட்டத் தண்ணீர். அதன் மேல் வளையமாகச் சுட்ட ஒரு ரொட்டி, பக்கத்தில் ஏற்றிய சின்ன மெழுகுதிரி, அடியில் மடித்த வெள்ளைத் துவாய். விம்பிள்டனுக்குப் பக்கத்தில், கோலியர்ஸ் வுட்டில் நான் வேலை செய்த சலவைத் தொழிற்சாலையின் தேநீர் அறையில், பத்து மணி இடைவேளையில், ருமேனியா அக்கா இத்தனையையும் இரண்டு கைகளாலும் ஏந்தி என் முன்னால் நீட்டினார். நான் வாங்கவில்லை. வாங்காததோடு நிற்காமல் சத்தமும் போட்டேன். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள் எழும்பிவிட்டன. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் மற்றத் தெருவால் சுற்றிப் போகிறேன்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அங்கே வேலை செய்த யாழ்ப்பாணத்துப் பெண்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான். ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, மேலாளரிடமும் 'ஓம்' சொல்லித் திரிந்தவர். மடிக்கும் மெஷினுக்குள் அடங்காத பெரிய ஹோட்டல் விரிப்புகளைக் கையால்தான் மடிக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இழுக்கும் பலத்துக்கே மற்றவளும் இழுக்காவிட்டால் விரிப்பு கோணிப் போகும். ஆறு வருடங்கள் அவர் ஒரு முனை, நான் மறுமுனை. மூலைகளைச் சேர்க்கக் கிட்ட வரும்போது ஓட்டை ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்வார். பின்வாங்கி இழுப்போம். அடுத்த விரிப்புக்குக் கிட்ட வரும்போது மிச்சம். அவருடைய ஊரின் கதை முழுவதும் அப்படித்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

டான்யூப் ஆற்றங்கரையில் ஓர்ஷோவா என்ற ஊரில் பிறந்தவர். பக்கத்தில் நடு ஆற்றில் அடா காலே என்று ஒரு தீவு. துருக்கியர் வாழ்ந்த தீவு. பழைய கோட்டை, ஒரு பள்ளிவாசல், தெரு நெடுக அத்திமரங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் போய் ரோஜாப்பூ ஜாம் வாங்கித் தின்பார்களாம். பிறகு அரசாங்கம் அணை கட்டியது. தீவும் தண்ணீருக்குள் போயிற்று, பழைய ஊரும் போயிற்று. சனங்களை மேட்டில் கட்டிய புது ஊருக்கு ஏற்றினார்கள்.

அதற்கு முந்தின வருடம்தான் அக்காவின் தாய் இறந்திருந்தார். செத்தவர்களுக்குத் தாகம் எடுக்கும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி நாற்பது நாளும் அயல்வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் தடியில் ஒரு வெட்டு. கடைசி நாள் ஆற்றில் சுரைக்குடுவைப் பாதியில் மெழுகுதிரியை ஏற்றி மிதக்கவிட்டு, சூரியனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும். பத்து வயதில் அக்கா அதை ஒரு நாள் தவறாமல் செய்து முடித்தார். அடுத்த வருடம் அதே ஆறு ஏறி வந்து தாயின் புதைகுழியை மூடிவிட்டது. கேட்டவர்களின் எலும்புகளை மேட்டுக்கு மாற்றிக் கொடுத்தார்களாம். தகப்பன் குடித்துக்கொண்டு திரிந்த காலம். யாரும் போய்க் கேட்கவில்லை. "நான் கொடுத்த தண்ணீர் போதவில்லை, ஆறே நேரில் வந்துவிட்டது" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

புருஷன் போய்ச் சேர்ந்து கனகாலம், பிள்ளைகளும் இல்லை. வயிற்றில் கட்டி என்று டொக்டர் சொன்ன கிழமை, விரிப்பின் மறுமுனையிலிருந்து அக்கா ஒன்றை விளக்கினார். பின்னால் செய்ய ஆளில்லாதவர்கள் தங்களுக்கான படையலை உயிரோடு இருக்கும்போதே கொடுத்துவிடுவார்களாம். புதுக் கோப்பை, தண்ணீர், ரொட்டி, வெளிச்சம். வாங்குகிறவர் 'தேங்க்ஸ்' சொல்லக் கூடாது. 'போக்தாப்ரோஸ்தே', கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கொடுத்தது மறு உலகத்துக்குப் போய்ச் சேரும். "நீ வாங்குவாயா?" என்று கேட்டிருக்கிறார். மெஷின் இரைச்சலில் பாதி விளங்காமல் நான் "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். எங்கள் சனத்துக்கு ஓம் என்பது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கும் சொல்கிற சொல். அவருக்கு அது சம்மதம்.

என் வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். தம்பி கடைசி யுத்தத்தில் காணாமல் போனவன். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் காண்கிற சொந்தக்காரர் எல்லோரும், அந்தியேட்டிக் கிரியையைச் செய்துவிட்டால் அவனுடைய ஆத்மா சாந்தியடையும் என்று அம்மாவை அரித்தார்கள். அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆர் எள்ளும் தண்ணியும் இறைக்கிறது?" அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சில்லை. நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவளின் முன்னால் கோப்பை வந்து நின்றது. தேநீர் அறையில் இருபது பேர். "உயிரோடை இருக்கிற ஆளுக்கு இதெல்லாம் செய்யிறதே? உங்களுக்கு என்ன விசரே?" முதலில் தமிழில் கத்தினேன். பிறகு ஆங்கிலத்திலும் கத்தினேன். நான் வாய்க்காரி என்பது தொழிற்சாலைக்கே தெரியும். ஆனாலும் அன்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா திரியை ஊதி அணைத்தார். மூலைக் கதிரையில் இருந்துகொண்டு, அந்த ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தானே தின்றார். தன் திவசச் சோற்றை ஒரு மனுஷி தானே தின்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் இருவரும் போய் விரிப்புகளை மடித்தோம். அன்று அவர் கதை சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். என்னை நித்திரை கொள்ள விடாத ஏதோ ஒன்று கடைக்குத் தள்ளியது. நல்ல கோப்பையாகப் பார்த்து வாங்கினேன், துவாயும் வாங்கினேன், அந்தச் சொல்லைப் பஸ்ஸில் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். அக்காவின் முகம் சுருங்கிக் கைப்பிடி அளவாகியிருந்தது. கோப்பையைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"யார் வாங்கியது?"

"நான்தான் அக்கா. உங்களுக்காக. நீங்கள் கொடுங்கள், இந்த முறை வாங்குகிறேன்."

தலையை மெல்ல ஆட்டினார். "அப்போது அது உன்னுடையது. உன்னுடையதை நான் எப்படி உனக்குக் கொடுப்பது?"

நாங்கள் செத்தவர்களுக்குக் கொண்டுபோய்ப் படைத்துப் பழகியவர்கள். அக்காவின் சனமோ கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். அதை நான் விளங்கிக்கொள்ளவில்லை. கடைக்குப் போய் வாங்கி வர அவரிடம் காலும் இல்லை, காலமும் இல்லை. என் கையைத் தட்டிக் கொடுத்தார். அதை மன்னிப்பு என்று எழுத எனக்குத் துணிவில்லை. அந்தக் கிழமையே போய்விட்டார்.

செய்தி வந்த அன்றுதான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் சொல்லைத்தானே காப்பாற்றினேன், ஒரு ஆறுதல் வார்த்தை கிடைக்கும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலும். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"நீ ஏன் வாங்கேல்லை?"

"நீங்கள்தானே அம்மா சொல்லுறனீங்கள், இருக்கிற ஆளுக்குச் செய்யக்கூடாதெண்டு."

"அது என்ரை பிள்ளைக்குச் சொன்னது. அவன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. அந்த மனுசி தன்ரை வாயாலை கேட்டிருக்கிறா. உன்ரை தம்பி ஒருக்கா, கனவிலையெண்டாலும் வந்து, 'அம்மா, தண்ணி தாங்கோ' எண்டு கேட்டிருந்தால், நான் அண்டைக்கே இறைச்சிருப்பன்."

கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு அம்மா எழுந்து குசினிக்குள் போனார்.

அம்மாவும் இப்போது இல்லை. அவருக்கு முப்பத்தோராம் நாள் முறைப்படி எல்லாம் செய்தேன். ஐயர் வேறு யாருக்கும் இறைக்க வேண்டுமா என்று கேட்டார். கையிலிருந்த எள்ளைத் திரும்பத் தட்டில் போட்டேன். இல்லை என்றேன். தம்பி இன்னும் என்னிடமும் கேட்கவில்லை.