மெத்தைக்காரர் வீட்டுப் பூனை

அந்தத் தெருவில் மெத்தைக்காரரைத் தெரியாதவர்கள் கிடையாது. எங்கே போனாலும் புருவத்தில் இரண்டு இழைப் பஞ்சோடு போகிற மனிதர். வயது ஐம்பத்துநான்கு. தைத்து முடித்த மெத்தையில் தானே பத்து நிமிடம் படுத்துப் பார்க்காமல் ஒன்றையும் அவர் வெளியே அனுப்பியதில்லை. சில நாள் அந்தப் பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாக நீண்டுவிடும். எடுத்துப்போக வந்தவர்கள் பக்கத்தில் நின்று அவருடைய குறட்டையைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் தைச்சிருக்காரு" என்று சமாதானமாகிவிடுவார்கள்.

அவரிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும் பதில், "பாக்கலாம்." சோம்பேறித்தனம் இல்லை. முடிவென்று ஒன்றை எடுத்தால் யாராவது ஒருவருக்கு வலிக்கும் என்பது சின்ன வயதிலேயே அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. ஆகவே, முடிவுகள் தாமாகவே நடந்து முடிகிறவரை பஞ்சுக்கு நடுவே உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டார்.

பூனை வந்ததுகூட அவர் எடுத்த முடிவல்ல. வீடு மாறுகிற ஒருவர் பழைய மெத்தையைச் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்து, பஞ்சை அடித்துப் புதிதாகத் தைத்துத் தரச் சொன்னார். கயிற்றை அவிழ்த்ததும், உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பூனை, யாரோ பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்டதுபோல, கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்தது. "எங்க வீட்டுது இல்லைங்க" என்று கையை விரித்துவிட்டார் மெத்தை கொண்டுவந்தவர். எலும்பும் தோலுமாக இருந்ததால், இன்னும் வளராத குட்டி என்றுதான் மெத்தைக்காரர் நினைத்தார். ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது. 'தூசி' என்று பெயர் வைத்தார்.

கடை கீழே, வீடு மூன்றாவது மாடியில். தெருவில் வண்டிகள் ஓயாமல் போவதால் தூசி படியிறங்கவே இல்லை. முன்னறை ஜன்னலில் காலை பத்திலிருந்து ஒரு மணிவரை வெயில் விழும். வெயில் தரையில் நகர நகர, பூனையும் கண்ணைத் திறக்காமல் அதோடு நகரும். சாப்பிட மேலே வரும் மெத்தைக்காரர் அதன் பக்கத்தில் ஒரு தலையணையைப் போட்டுக்கொள்வார். அவருடைய சட்டையிலிருந்து கிளம்பிய பஞ்சு வெயிலில் மிதந்து மிதந்து, பூனையின் மூக்கில் வந்து உட்காரும். இரண்டு மகன்களும் வேலைக்காக வேறு ஊர்களில் இருந்த அந்த வீட்டில், நான்கு மாதம் இப்படியே கனவுபோலக் கழிந்தது.

ஐந்தாம் மாதம் தூசி கத்தத் தொடங்கியது. தரையில் உருண்டது. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து நீளமாக, யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டது. இரண்டாவது மாடி டீச்சர் படியில் அவரை மறித்து, "பேரக்குழந்தை வந்திருக்கா? தொட்டில்ல போட்டு ஆட்டுங்க, அழுகை நின்னுடும்" என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

மெத்தைக்காரரின் மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். இரவு டியூட்டி முடிந்து காலையில் வந்து படுப்பவள்.

"பருவத்துக்கு வந்திருக்கு. கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாம்ங்க" என்றாள்.

"பாக்கலாம்."

ஒரு வாரத்தில் சத்தம் அடங்கியது. இரண்டு வாரத்தில் மறுபடி வந்தது. மூன்றாவது முறையும் வந்தபோது, மனைவி தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டே முன்னறைக்கு வந்து நின்றாள்.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டுமேம்மா" என்றார் அவர். "பொண்ணாப் பொறந்துட்டு, ஒண்ணையுமே அறியாம போகணுமா?"

"தினமும் ஏழெட்டுப் பிரசவம் பாத்துட்டு வர்றேன். அதுல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு எனக்கு நீங்க பாடம் எடுக்காதீங்க. அஞ்சு குட்டி போட்டா அஞ்சையும் யாருக்குக் குடுப்பீங்க?"

"மெத்தை வாங்க வர்றவங்களுக்கு ஆளுக்கொண்ணு..."

"மெத்தை வாங்கினா பூனை இலவசமா? நல்ல வியாபாரம்!"

அவர் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப்போய்விட்டார். அன்று பிற்பகல், தைத்து முடித்த இரட்டை மெத்தையில் படுத்தவருக்கு ஒரு கனவு வந்தது. பஞ்சு மூட்டையின் வாயைக் கத்தரிக்கிறார். உள்ளே முழுக்கக் குட்டிகள். பஞ்சு நிறம், பஞ்சின் எடை. ஒவ்வொன்றாகக் கையைவிட்டு எழும்பி, விட்டத்தை நோக்கி மிதந்து போகின்றன. ஏணி போட்டு ஏறுகிறார். ஏணி வளர்கிறது, குட்டிகளும் உயர்கின்றன. எங்கோ மேலே தாய் கூப்பிடுகிறது. பிடித்துக்கொடுக்க முடியவில்லையே என்ற தவிப்போடு விழித்தார். விழித்த பிறகும் அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது மாடி ஜன்னலில் தூசி.

மேலே போனார். மனைவி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. ஆனால் குரலில் கோபமில்லை.

"சின்னவன் பொறந்தப்புறம் எனக்கு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

அவர் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தார்.

"உங்க அம்மா வேண்டாம்னாங்க. எங்க அம்மாவும் வேண்டாம்னாங்க. நீங்க பாக்கலாம்னீங்க. ஆறு மாசம் பாத்தீங்க. அப்புறம் நானே தனியா பஸ் ஏறிப் போயி பண்ணிக்கிட்டு, மூணாம் நாள் தனியா பஸ் ஏறி வந்தேன். வேண்டாம்னு நீங்க சொல்லியிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பேங்க. ஒண்ணுமே சொல்லலையே."

சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள். அவர் போர்வையை இழுத்துவிட்டு, முன்னறையில் பூனைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜன்னலில் வெளிச்சம் மங்குகிறவரை உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த விஷயம் தானாகவே நல்லபடி முடிந்துவிட்டதென்றுதான் அவர் நினைத்திருந்தார்.

மறுநாள் அவரே கால்நடை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தார். இந்தச் சத்தம் அடங்கி ஒரு வாரம் போனபின் கூட்டிவாருங்கள், முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம் என்றார் டாக்டரம்மா. சொன்ன நாளில், பழைய தலையணையைக் கூடையில் வைத்துத் தூசியை அதில் உட்காரவைத்தார். மனைவி டியூட்டி முடிந்து இன்னும் திரும்பவில்லை. சமையலறை மேடையில் ஒரு காகிதம் எழுதி வைத்தார்: 'ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகிறேன். நீ தூங்கு.'

டாக்டரம்மா தூசியின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு வயிற்று ரோமத்தைக் கட்டைவிரலால் விலக்கிக்கொண்டே வந்தவர், நிறுத்தினார்.

"இது குட்டின்னா சொன்னீங்க? பல்லைப் பாருங்க, மூணு வயசுக்கு மேல இருக்கும். காம்பும் பெருத்திருக்கு. இவ ஏற்கெனவே குட்டி போட்டு, பால் குடுத்து வளர்த்தவ. ஒரு தடவையோ, ரெண்டு தடவையோ."

மெத்தைக்காரர் பூனையைப் பார்த்தார். அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதம் ஒன்றும் அறியாத சின்னப்பெண்ணென்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள், எங்கோ ஓர் இடத்தில் பெற்று, நக்கித் துடைத்து, பாலூட்டி, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அந்த மெத்தைச் சுருளுக்குள் ஏறிப் படுத்திருக்கிறாள். அந்தக் குட்டிகள் இந்நேரம் எந்தச் சுவரின்மேல் நடக்கின்றனவோ! தன்னை அறியாமல் சிரிப்பு வந்தது; கூடவே கண்ணும் கலங்கியது.

"ஆபரேஷன் பண்ணலாம்தானே?" டாக்டரம்மா காகிதத்தை நீட்டினார். "யோசிக்கணும்னா யோசிச்சிட்டு வாங்க. ஆனா இப்படியே விட்டா திரும்பத் திரும்பக் கத்திக்கிட்டுத்தான் இருக்கும். பின்னாடி கர்ப்பப்பையில சீழ் பிடிக்கலாம்."

"பண்ணிடுங்க" என்று கையெழுத்துப் போட்டார். குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. நாய்க்குட்டியோடு காத்திருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

மாலையில் கூட்டிவந்தபோது தூசி மயக்கம் தெளியாமல், தரை அலையடிப்பதுபோலத் தள்ளாடி நடந்தது. தையலை நக்கிவிடாமலிருக்கக் கழுத்தில் மாட்டச் சொல்லிக் கொடுத்த பிளாஸ்டிக் கூம்பை அது இரண்டு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை. மெத்தைக்காரர் கீழே போய், மெத்தை உறைக்கான நீலக்கோடு போட்ட துணியில் ஒரு துண்டு வெட்டி, நான்கு கால் துளையும் முதுகில் நாடாவும் வைத்து ஒரு சட்டை தைத்து வந்தார். போட்டுவிட்டதும் தூசி பின்பக்கமாகவே நடந்து போய் அலமாரியில் முட்டிக்கொண்டு, பொத்தென்று உட்கார்ந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்த பிறகு, அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அன்னிக்கு ரொம்ப வலிச்சுதா?"

எதைக் கேட்கிறார் என்று அவள் கேட்கவில்லை. பூனையின் காதைத் தடவிக்கொடுத்தாள்.

"தையல் வலிக்கலை. பஸ்ல உக்கார இடம் கிடைக்கலை. அதான்."

அவர் எழுந்துபோய்ப் புதிதாகத் தைத்திருந்த தலையணை ஒன்றைக் கொண்டுவந்து, அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாய்ந்துகொண்டு, அந்த பஸ்ஸில் யார் யார் இருந்தார்கள், வழியில் எங்கே மழை பிடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.