இரண்டு வருஷம் என்று எழுதிய நிலம்

1. ஜீப்

செஞ்சியில் கை காய்க்காமல் நான் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். அறுபதுகளில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் படிவம் நிரப்பினேன். அதற்கு முன் லாரி கிளீனர், கல் உடைப்பு, பெங்களூர் ஓட்டலில் மேசை துடைப்பு. பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். டீக்கடைப் பலகையில் நான் எழுதியதைப் பார்த்துத்தான் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த புரொபசர் என்னை தினக்கூலிக்கு எடுத்தார்.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். புறம்போக்கில் பயிர் செய்கிறவர்களின் நிலைமையை ஆராய வந்திருந்தார்கள். அவர்களுக்கு வண்டி இல்லை. தாலுகா ஆபீஸ் ஜீப் கொடுத்தது. பதிலுக்கு, நிரப்பிய படிவங்களில் ஒரு காப்பி தாலுகா ஆபீசுக்குப் போகும். இது முதல் நாளே எனக்குத் தெரியும்.

புரொபசர் கெட்டவர் இல்லை. வெயிலில் நடப்பார், யார் கூழ் கொடுத்தாலும் குடிப்பார். எனக்கு இரண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"போனதும், நாங்க யுனிவர்சிடி, கவர்மென்ட் இல்லன்னு சொல்லணும். அப்புறம் அவங்க சொல்ற பதில அப்படியே எழுதணும். நீங்க திருத்தக் கூடாது. டேட்டால கை வைக்கறது பாவம்."

2. ஏழுமலையின் பதில்

கோட்டை மலை அடிவாரத்தில் ஏழுமலைக்கு ஒன்றரை ஏக்கர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார். அவர் பெண்சாதி முனியம்மா களை எடுத்துக்கொண்டிருந்தார். புரொபசர் பக்கத்தில் நிற்க, நான் பாடத்தை ஒப்பித்தேன்.

"கவர்மென்ட் இல்லன்னா, ஜீப்பு யாருது?" என்றார் ஏழுமலை.

"தாசில்தாருது."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். முனியம்மா புரொபசரைக் காட்டி, "டாக்டருன்றாங்களே, ஊசி போடுவாரா?" என்றார்.

"இல்லக்கா. இவரு படிச்சி வாங்குன டாக்டரு."

"அப்ப ஊசி போடறவரு படிக்காம வாங்கிக்கினாரா?"

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

"எத்தினி வருசமா இங்க பயிர் வக்கிறீங்க?"

"ரெண்டு வருசந்தான் ஆவுது" என்றார் ஏழுமலை. முனியம்மா களையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

எங்களுக்குப் பின்னால் கிணறு இருந்தது. கல் இடுக்கில் அரசமரம் முளைத்துத் தொடை கனத்துக்குப் பருத்திருந்தது. "எங்க நைனா வெடி வச்சித் தோண்டுன கெணறு, அதுலதான் அவரு காது போச்சி" என்று ஏழுமலையே என்னிடம் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் அவர் தாத்தா அங்கே கம்பு விதைத்தார்.

பிறகு ஏன் இரண்டு வருஷம்? அடிவாரத்து ஜனங்களுக்கு அது ஒரு பழக்கம். புறம்போக்கில் எவ்வளவு காலம் இருந்தாயோ அவ்வளவு குற்றம் என்று பயம். அதனால் ஜீப்பில் வந்து யார் கேட்டாலும் இரண்டு வருஷம். மறு வருஷம் கேட்டாலும் இரண்டு வருஷம். தாத்தா காலத்திலும் இரண்டு வருஷமாகத்தான் இருந்திருக்கும்.

நான் 2 என்று எழுதினேன். ஏழுமலை கைநாட்டு வைத்தார். திரும்பும்போது புரொபசர் கிணற்றை எட்டிப் பார்த்தார்.

"இது ரெண்டு வருஷத்துக் கிணறா?"

"அவரு சொன்னது அதான் சார்."

"ரொம்ப இன்ட்ரஸ்டிங்" என்று சொல்லித் தன் சொந்த நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். அவருக்கும் தெரியும் என்பதை நான் அப்போது கண்டேன்.

3. கோடு

மறு வருஷம் உத்தரவு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் பயிர் செய்தவர்களுக்குப் பட்டா. மற்றவர்கள் காலி செய்ய வேண்டும். ஆதாரம், எங்கள் சர்வே. காலியாகும் இடத்தில் பல்கலைக்கழகத்தின் கிராம சேவை மையம் வரப்போகிறது. விவசாயிகளுக்கு விவசாயம் கற்றுக்கொடுப்பதற்காக.

ஏழுமலையோடு நானும் ரெவின்யூ இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனேன். அவர் கோபப்படவே இல்லை.

"இன்னாய்யா பண்றது? பட்டா குடுன்னு மேலேருந்தே சொல்லிட்டாங்க. குடுக்க நான் ரெடி. நீதான ரெண்டுன்னு சொல்லி கைநாட்டு வச்சிட்ட?"

"பயந்துக்கினு சொன்னதுங்க."

"அன்னிக்குப் பொய் சொன்ன. இன்னிக்கு சொல்றது நெசம்னு எப்டி நம்புறது?"

நான் குறுக்கே புகுந்தேன். "சார், எழுதினவன் நான். அது அவங்க தாத்தா வச்சிருந்த நிலம். எனக்கே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் எழுதல?"

படிவத்தை என் பக்கம் திருப்பினார். கடைசியில் ஒரு கட்டம். 'நிரப்புபவர் குறிப்பு' என்று அச்சடித்திருந்தது. அதன் குறுக்கே ஸ்கேல் வைத்தது போல நான் இழுத்த கோடு. படிவக் கட்டு முழுவதையும் புரட்டிக் காட்டினார். எல்லாவற்றிலும் அதே கோடு. யாரும் அதை இழுக்கச் சொல்லவில்லை. இழுத்தால் ஒரு படிவம் சீக்கிரம் முடியும், அவ்வளவுதான்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்குது" என்றார்.

படியிறங்கும்போது ஏழுமலை என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "உடுப்பா. நான் சொன்னதத்தான எழுதுன" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புரொபசருக்குக் கடிதம் போட்டேன். பதில் வந்தது. அறிக்கை அச்சாகிவிட்டதாம், வருந்துகிறாராம், மையத்தில் எனக்கு வாட்ச்மேன் வேலைக்குச் சிபாரிசு செய்திருக்கிறாராம்.

போய்ச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வேறு வேலை இல்லை. மூன்று மாதம் அந்தக் கிணற்றுத் தண்ணீரை மையத்தின் பூச்செடிகளுக்கு ஊற்றினேன். வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பது என் வேலை. ஒரு மத்தியானம் முனியம்மா குடத்தோடு கேட்டருகே வந்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு போனார். அன்றே சாவியைக் கொடுத்துவிட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துத்தான் கொடுத்தேன்.

இன்றைக்குப் படிவத்தோடு ஊருக்குள் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒருவர் சொன்னதை அப்படியே எழுதினால் நம் கை சுத்தமாக இருக்கும். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று தெரிந்தும் பேசாமல் இருந்தால், அந்தச் சுத்தத்துக்கு விலை இன்னொருவன் கொடுக்கிறான். தெரிந்ததை எழுதுங்கள். வேலை போனால் போகட்டும். எனக்கு அதற்குப் பிறகு எத்தனையோ வேலை கிடைத்தது. ஏழுமலைக்கு நிலம் கிடைக்கவில்லை.