ஈரக் கவரில் வந்த மாதுளை

எங்கள் பயிர்நோய் ஆய்வகத்துக்குப் பழம் கொண்டுவருபவர்களிடம் முதலில் கேட்பது, "கழுவினீங்களா?" என்றுதான். கழுவாமல் காகிதத்தில் சுற்றித் தர வேண்டும் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். எங்கள் ஊர்ப்பக்கம் அது எடுபடாது. இன்னொருவர் கையில் தரும் பொருளை மண்ணோடு தர யாருக்கும் மனசு வராது.

வெள்ளகோவில் பக்கமிருந்து பொன்னுசாமியும் அவர் மனைவி சரசுவதியும் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். பிளாஸ்டிக் கவரை அவிழ்த்தால், உள்ளே ஈரம் காயாத மாதுளைகள்.

"கழுவிப்போட்டீங்களா?"

"பின்னே, அழுக்கோடவா மேடம் உங்க கையில குடுக்கறது? புதன்கிழமையே கழுவிக் கட்டி வெச்சனுங்க. இவருக்குத்தான் கெளம்ப நேரமில்லை" என்றார் சரசுவதி.

"ஜேசிபிக்குச் சொல்லிப்போட்டனுங்க, நாளைக்குக் காலைல வந்துரும்" என்றார் பொன்னுசாமி. "பூச்சிமருந்துக் கடைக்காரர் பாத்துட்டு பாக்டீரியா கருகலுன்னுட்டாரு. எல்லா மரத்தையும் புடுங்கி எரிச்சாத்தான் ஆகுமாமுங்க."

"நாலு வருசமாக் கொழந்தையாட்டம் வளத்துனதுங்க மேடம். நான்தான் இவரை இங்க இழுத்துட்டு வந்தேன்" என்றார் சரசுவதி.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. மாதுளையில் பாக்டீரியா கருகலும் பூஞ்சணப் புள்ளியும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே கருத்திருக்கும்.

கழுவினால் நோயின் தடயம் போய்விடும், ஈரத்தில் வேறு பூசணமும் வளரும் என்பதால் கழுவிய பழத்தைத் திருப்பி அனுப்புவது எங்கள் வழக்கம். நாளைக்கே ஜேசிபி என்றதால் லென்ஸை எடுத்தேன். ஒரு பழத்தில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. அது கவருக்குள் பிறகு வந்தது, தள்ளிவைத்தேன். மற்றவற்றில், குழிந்த கரும்புள்ளிகளின் நடுவே வெளிறிய ஆரஞ்சு நிறத்தில் பிசின் போன்ற துளிகள்.

சந்தேகமான பழத்தை நாங்களே ஈரப் பஞ்சோடு டப்பாவில் மூடி இரண்டொரு நாள் வைப்போம். புள்ளி விழவைக்கும் பூஞ்சணம் உள்ளே இருந்தால் அதன் வித்துகள் இப்படித் துளியாக வெளியே வரும். சரசுவதியின் கவர் அந்த வேலையை முடித்திருந்தது.

துளியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். முனை மழுங்கிய நீள வித்துகள் நிறைந்திருந்தன. அவர்கள் கூடவே ஒடித்துக் கொண்டுவந்திருந்த கொப்பிலிருந்து இலைப்புள்ளிகளை வெட்டி நீர்த்துளியில் பார்த்தேன். பாக்டீரியா என்றால் வெட்டிய ஓரத்திலிருந்து புகைபோலக் கசியும். எந்த இலையிலும் கசியவில்லை.

"இது ஆந்த்ராக்னோஸ், பூஞ்சணம். மரத்தைப் புடுங்க வேண்டாமுங்க. புள்ளி விழுந்த காயைப் பொறுக்கி எரிச்சிருங்க. அடர்ந்த கொப்பை வெட்டிக் கவாத்துப் பண்ணி உள்ளே காத்துப் போக விடுங்க. மருந்து எழுதித் தரேன். இந்தப் பருவத்துக் காய் கொஞ்சம் போகத்தான் செய்யும்."

பொன்னுசாமி போனை எடுத்தார். "ஏனுங்க டிரைவர், நாளைக்கு வரவேண்டாமுங்க."

"வரட்டும்ங்க" என்றார் சரசுவதி. "அந்த மருந்துக்கடை முன்னால ஒரு குழி பறிச்சுட்டுப் போகட்டும்."

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கறையைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள், அதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று பாருங்கள். மாதிரி தவறாக வந்திருந்தாலும், திருப்பி அனுப்பும்முன் ஒருமுறை லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

அடுத்த பருவத்தில் சரசுவதி ஒரு பை மாதுளை கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் செய்தித்தாளில் சுற்றி, மேலே மண்ணோடு. ஒன்றைப் பிரித்து லென்ஸைத் தேடினேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க மேடம்" என்றார். "இது திங்கறதுக்கு. நீங்களே கழுவிக்குங்க."