எனக்குச் செல்வாக்கு இல்லை என்று கையெழுத்து வைத்தேன்

ஒரு பெரிய ஜேர்மன் சுப்பர்மார்க்கெட் நிறுவனம் என் தேங்காய்ப்பாலைத் தன் கடைகள் எல்லாவற்றிலும் வைக்கச் சம்மதித்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதை நம்பி ஹம்பேர்க்கில் இரண்டாவது களஞ்சியம் எடுத்து, ஆட்களையும் சேர்த்துவிட்டேன். அந்த வாரம் அவர்களுடைய கொள்முதல் அதிகாரி கூப்பிட்டார். ஜேர்மன் மொழியில் நடந்த பேச்சையும் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நீங்கள் ஒரு வெளிநாட்டு அரசாங்கத்துக்கு வேலை செய்யிறியளாம். நாடாளுமன்றம் விசாரிக்குதாம். அது தெளியுமட்டும் நாங்கள் கையெழுத்து வைக்க ஏலாது."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனால் ஜேர்மனியில் எந்தத் தமிழ்க் கடையின் குளிர்பெட்டியைத் திறந்தாலும் நான் இறக்கிய மீன் இருக்கும். தற்பெருமை என்பவர்கள் போய்த் திறந்து பார்க்கட்டும். அப்படிப்பட்டவன் யாருக்கு வேலை செய்யப் போகிறேன்?

நடந்தது இதுதான்

நம்மவர் சங்கங்களில் போசகர் என்று ஒருவர் இருப்பார். தலைவரும் செயலாளரும் ஓடித்திரிவார்கள். போசகர் சாப்பாட்டுச் செலவை ஏற்பார், குத்துவிளக்கை ஏற்றுவார், பொன்னாடை வாங்கிக்கொண்டு முன்வரிசையில் இருப்பார். "அண்ணை, உங்கடை பேரைப் போடுறம்" என்று கேட்டவர்களை நான் மறுத்ததே இல்லை. அப்படிப் பெயர் கொடுத்ததில் ஒன்று, ஒரு வர்த்தக நட்புறவு மன்றம். அது ஒரு வெளிநாட்டு அமைச்சின் பணத்தில் நடப்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அதே காலத்தில் என் மீன் கொள்கலன்கள் துறைமுகப் பரிசோதனையில் நாட்கணக்காகக் கிடந்தன. எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைக் களஞ்சியத்துக்கு அழைத்து, சுடச்சுட மீன் கட்லட் கொடுத்து, பரிசோதனையைக் கெதிப்படுத்தச் சொன்னேன். அவரோடு எடுத்த படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, "பெர்லினில் நமது குரல்" என்று எழுதினேன். மன்றம் அதை எடுத்துத் தன் பக்கத்திலும் போட்டுவிட்டது.

இங்கே நாடாளுமன்றத்தில் இன்னொருவருக்காகக் கதைக்கப் போகிறவர் லொபி ரெஜிஸ்டர் என்ற பதிவேட்டில் தன் பெயரைப் பதிய வேண்டும். பின்னால் வெளிநாட்டு அரசின் பணம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்தவர்களுக்கு நான் அந்த மன்றத்தின் ஆளாகவே தெரிந்தேன்; அதில்தான் விசாரணை தொடங்கியது.

பெர்லினில் டெர்மின்

என் நண்பரின் மகள் மதுரா இங்கே பிறந்து வளர்ந்த வழக்கறிஞர். ஜேர்மன்காரர் டெர்மின் என்கிற அந்த விசாரணைச் சந்திப்புக்கு என்னோடு வந்தவள், ரயிலில் எனக்குப் பாடம் எடுத்தாள்.

"மாமா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. பெருமை கதைக்க வேண்டாம்."

"நான் எப்ப பிள்ளை பெருமை கதைச்சனான்?"

அவள் தன் போனில் அந்தப் பேஸ்புக் படத்தை எடுத்துக் காட்டினாள்.

நாடாளுமன்றத்தின் பதிவேட்டு அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி கேள்வி கேட்டார்.

"மன்றத்தில உங்கடை வேலை என்ன?"

"விளக்கு ஏத்துறது."

"பிறகு?"

"முன்வரிசையில இருக்கிறது."

"அதுக்கு எவ்வளவு தந்தவை?"

"தாறதோ? வடையும் கொத்துரொட்டியும் நான்தானே குடுத்தனான்!"

அதிகாரி மதுராவைப் பார்த்தார். "பகிடியோ?"

"இல்லை. எங்கடை ஆக்கள் இப்பிடித்தான்."

இதுவரை நன்றாகத்தான் போனது. பிறகு கேட்டார்: "அந்த உறுப்பினரிட்டை உங்களுக்குச் செல்வாக்கு இருக்கோ?"

"என்ன இப்பிடிக் கேக்கிறியள்? நான் ஒரு ரெலிபோன் கோல் எடுத்தாக் காணும்..."

மேசைக்குக் கீழே மதுராவின் சப்பாத்து என் காலில் ஏறியது. புதுக் களஞ்சியமும் அதில் வேலைக்கு வந்தவர்களின் முகங்களும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"கோல் எடுத்தா?" என்றார் அதிகாரி.

"எடுத்தா, அவர் மீட்டிங்கில எண்டு செக்ரெட்டரி சொல்லுவா."

"அப்ப மீன் பரிசோதனை?"

"அது இப்பவும் அதே இழுவைதான்."

"பெர்லினில் உங்கடை குரல் எண்டு போட்டிருக்கிறியளே?"

"அவர் கட்லட் நல்லாயிருக்கெண்டு சொன்னவர், மேடம். அதுக்குப் பிறகு அந்தக் குரலை நான் கேக்கேல்லை."

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்: என் மீனுக்காக மட்டுமே பேசினேன், யாரும் அனுப்பவில்லை, யாரிடமும் எனக்குச் செல்வாக்கு இல்லை. அப்படியே எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

திரும்பும்போது மதுரா, "நல்லாச் சமாளிச்சியள் மாமா" என்றாள்.

"சமாளிப்பெண்டா இவ்வளவு நோகாது, பிள்ளை. எல்லாம் உண்மையெல்லே."

விசாரணை முடிந்தது. அபராதம் இல்லை. மன்றம் தன் பக்கத்திலிருந்து என் படத்தை நீக்கியது.

தொழில் தொடங்குகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பெயரைக் கொடுப்பதை நாம் மரியாதை என்று நினைக்கிறோம். இந்த நாட்டில் அது வேலை என்று கணக்கு. கொடுப்பதற்கு முன் யாருடைய பணம் என்று கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவருக்குப் பெயரே கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த அன்று, கொள்முதல் அதிகாரி எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களுக்கு ஒரு செல்வாக்கும் இல்லையெண்டு பெர்லினே உறுதிப்படுத்தீட்டுது. மனமார்ந்த வாழ்த்துகள்!"

"நன்றி" என்றேன். வேறு என்ன சொல்வது?