ரகுபதி படத்தில் கடல் சாயாது

“நைனா, கடல் சாயுது பாரு. தண்ணியெல்லாம் கொட்டிடப் போவுது.”

விடிகாலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் கைப்பேசியும் கையுமாகக் காதலியைப் படமெடுக்கும் எந்தப் பையனும் இந்தக் குரலுக்குத் தப்ப முடியாது. அனுமதியெல்லாம் கேட்கிற வழக்கமில்லை. நேரே போய் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, கடலின் கோட்டை மட்டமாக்கிவிட்டுத்தான் ரகுபதி நகர்வார். யாராவது முறைத்தால், “போட்டா புடிக்கிறது என் பொயப்பு, கண்ணு. பாத்துட்டு சும்மா போவ முடியல” என்பார். அதற்கும் முறைத்தால் அவரும் திருப்பி முறைப்பார்.

சைதாப்பேட்டைக்காரர். கல்யாணம் நிச்சயமான ஜோடிகளைக் கடற்கரையிலும் பூங்காவிலும் நிறுத்திப் படமெடுப்பது தொழில். பருத்த உடம்பு. மண்ணில் மண்டியிட்டு மண்டியிட்டு வெளுத்துப்போன பேன்ட் முழங்கால். நல்ல கோணம் கிடைக்குமென்றால் ஈர மணலில் படுத்தேவிடுவார். எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள், மனைவி தேவானை.

தேவானையின் வேலை அதோடு முடியாது. மணப்பெண் காரில் உட்கார்ந்து முகப்பூச்சு முடிப்பதற்குள் வெளிச்சத்தைப் பார்த்து வைத்துவிட வேண்டும். அதற்காக, அவள் நிற்கப்போகும் இடத்தில் முதலில் தேவானை நிற்பார். பெண்ணின் புடவை என்ன நிறமோ அதே நிறத்தில் ஒரு துப்பட்டாவை அவர் தோளில் போட்டுவிடுவார் ரகுபதி. முதல் படத்துக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவது தேவானையின் பழக்கம். “எனுக்குத் தாலி கட்ன அன்னிக்கு ஒரு நல்ல போட்டா இல்ல. இப்ப தெனம் ஒரு கல்யாணம்” என்பார். “வாய மூடிக்கினு லெஃப்டு காட்டு” என்பார் இவர்.

“தேவான மூஞ்சியில வெளிச்சம் சரியா விய்ந்துச்சுன்னா எவ மூஞ்சியிலயும் சரியா வியும்” என்று கேட்டவர் கேளாதவர் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார் ரகுபதி. அந்த முகம் தனக்கு மனப்பாடம் என்பார். மனப்பாடமாம்.

அன்றைக்கு மயிலாப்பூர் ஜோடி. மாளவிகா காருக்குள் முகப்பூச்சுக்கு முகத்தை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பிரணவ் வெளியே நின்று சூரியனை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். தேவானை அரக்குத் துப்பட்டாவோடு நின்று, வழக்கம்போல் நாக்கைத் துருத்தினார். ஒரு படம். ரகுபதி லென்ஸை மாற்றும்போது தேவானையின் இடது கையிலிருந்த டீ கிளாஸ் நழுவி மணலில் விழுந்தது.

“கையில இன்னா எண்ண தடவிக்கினு வந்துகீற?”

தேவானை பதில் சொல்லவில்லை. அதுவே அதிசயம்தான். துப்பட்டா இடது தோளிலிருந்து வழிந்தது, இழுத்து விட்டுக்கொள்ளவில்லை. கேமராவில் கண்ணை வைத்த ரகுபதிக்கு இடது கன்னத்தில், உதட்டோரம் ஒரு நிழல் தெரிந்தது. சூரியன் வலப்பக்கம் இருந்தது. நிழல் விழத்தானே செய்யும்? வெள்ளித்தாள் ஒட்டிய தெர்மாகோல் அட்டையை இடப்பக்கம் நட்டார். இன்னொரு படம். நிழல் போகவில்லை. அட்டையைக் கிட்டே தள்ளினார். மற்றொரு படம். அப்போதும் உதட்டோரம் இறங்கியே இருந்தது.

“ஒயுங்கா சிரி, தேவான.”

“சிரிச்சிக்கினுதான்யா கீறேன்.”

“அண்ணா, லைட் போயிடப்போறது” என்றான் பிரணவ்.

ரகுபதிக்குக் கோபம் வந்துவிட்டது. மனைவியின் தோளைப் பிடித்து முழுசாகத் திருப்பி நிறுத்தினார். தானும் மறுபக்கம் ஓடி மண்டியிட்டார். இப்போது வெயில் தேவானையின் இடது கன்னத்தில் பளீரென்று விழுந்தது.

நிழலுக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம்தான் ஒதுங்கும். வெளிச்சம் பக்கம் மாறிவிட்டது, உதடு மாறவில்லை. வெயில் நேராக அடிக்கும் கன்னத்திலேயே அது தொங்கிக்கொண்டு, ஓரத்தில் எச்சில் மினுங்க, ரகுபதியைப் பார்த்தது. அது நிழலே இல்லை.

தலையில் இடி விழுந்தாற்போல் என்பார்கள். இடி விழுந்தால் சத்தமாவது கேட்கும். ரகுபதிக்கு எதிரே இருந்த அலையின் சத்தம்கூடக் கேட்கவில்லை. கேமராவை இறக்கவும் தோன்றாமல் அப்படியே மண்டியிட்டுக் கிடந்தார். தேவானை ஏதோ சொன்னார், சொல்லாக வரவில்லை. கால் மடங்கி மணலில் உட்கார்ந்தார்.

ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய முகத்தோடு, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தவள் மாளவிகா. “அங்கிள், ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு. தூக்குங்கோ, கார்ல போயிடலாம்” என்றாள். பிரணவ் வண்டியை எடுத்தான். கல்யாணப் படத்துக்கு வந்த கார், ஹாரனை அடித்தபடி அடையாறைத் தாண்டிப் பறந்தது.

“கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? நேரம் தெரிஞ்சாத்தான் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட முடியும்” என்று கேட்டார் மருத்துவர். அப்போதுதான் ரகுபதிக்குக் கழுத்தில் கேமரா தொங்குவது உறைத்தது. நாக்கைத் துருத்திய படத்தை எடுத்துக் காட்டினார். வாய் நேராக இருந்தது. கீழே நேரமும் இருந்தது. மருத்துவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்தடுத்த படங்களையும் தள்ளிப் பார்த்தார். ரகுபதியும் பார்த்தார். ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் முந்தையதைவிட நன்றாக விழுந்திருந்தது. ஒவ்வொன்றிலும் முகம் இன்னும் கொஞ்சம் கோணியிருந்தது.

“நேரம் இருக்கு, ஸ்கேன் பாத்துட்டுப் போட்டுடலாம்” என்று சொல்லி மருத்துவர் உள்ளே போய்விட்டார். ரகுபதி தாழ்வாரத் தரையில் குந்தினார். வாசல் காவலரிடம், தரை பெருக்க வந்த அம்மாளிடம், யாரென்றே தெரியாதவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு. “அவ விய்ந்துக்கினு கீறா, நான் வெளிச்சம் பாத்துக்கினு இர்ந்தேன்.” கேட்டவர்கள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்கள்.

தேவானை பிழைத்தார். பேச்சு திரும்பியது; அதுவும் பழைய வேகத்திலேயே திரும்பியது. இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. இடது கை சொன்ன பேச்சை முழுசாகக் கேட்பதில்லை. ரகுபதிதான் எழுந்திருக்கவில்லை. வந்த வேலையையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, வீட்டில் மனைவியின் எதிரே உட்கார்ந்து உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தேவானைக்கே பொறுக்கவில்லை.

“சோறு துன்னும்போதும் மூஞ்சியவே பாக்கற, தூங்கும்போதும் பாக்கற. எனுக்கு இன்னா, கொரங்கு மூஞ்சியா? வாய்யா பீச்சுக்கு.”

இப்போது மறுபடியும் போகிறார்கள். வெளிச்சம் பார்ப்பதற்கு முன், ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த ஒரு பரீட்சை புதிதாகச் சேர்ந்திருக்கிறது. “சிரி. கை ரெண்டையும் தூக்கு. பேரு சொல்லு.” ஜோடிகள் இது ஏதோ சாமி கும்பிடுகிற முறை போலிருக்கிறது என்று பேசாமல் நிற்பார்கள். “பேரு மண்ணாங்கட்டி” என்பார் தேவானை. அதைச் சரியாகச் சொல்லிவிட்டால் ரகுபதிக்கு மூச்சு வரும்.

போன வாரம் ஒரு ஜோடி. கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துத் தேவானை நின்றார். தோளில் மாம்பழ மஞ்சள் துப்பட்டா. சொல்வதற்கு முன்பே சிரித்தார், பேரைச் சொன்னார், கைகளைத் தூக்கினார். வலது கை சட்டென்று தோளுக்கு மேலே போய் நின்றது. இடது கை புறப்பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் மேலே கொண்டுவந்தார். அதற்குமேல் அது வரவில்லை.

“இன்னும் தூக்கணுமா?” என்றார்.

“போதும். அப்டியே இரு.”

ரகுபதி மணலில் மண்டியிட்டார். கேமராவைக் கண்ணில் வைத்தார். கடல் மட்டமாகத்தான் இருந்தது. பிறகு கேமராவை மெல்ல வலப்பக்கமாகச் சாய்த்தார், இன்னும் கொஞ்சம் சாய்த்தார். படச்சட்டத்துக்குள் கடல் மொத்தமும் ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. தேவானையின் இரண்டு கைகளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.